பத்து விழுக்காட்டின் பயணம்: நனிசைவ உணவில் கொழுப்பும் சேர்த்த எண்ணெயும் – ஒரு கருத்து வரலாறு (1944–2024)

ஆய்வுச் சுருக்கம்

நனிசைவ உணவில் கொழுப்பு மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, சமையலில் எண்ணெய் சேர்க்கவே கூடாது என்னும் விதி இன்று பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. இவ்விதி நனிசைவத்தின் அறக்கொள்கையிலிருந்து பிறந்ததன்று. அமெரிக்காவில் கடும் நோயாளிகளுக்கென வகுக்கப்பட்ட உணவுமுறைகளில் தோன்றி, பின்னர் நனிசைவத்தோடு இணைந்தது. நோயாளிக்கு வகுத்த அளவு எவ்வாறு அனைவருக்குமான விதியாயிற்று என்பதை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. அவ்விதிக்கு ஆதரவாகவும் எதிராகவும் காட்டப்படும் சான்றுகளை மதிப்பிட்டு, கொழுப்பின் அளவு என்பது ஒற்றை எண்ணன்று, உண்பவரின் நிலைக்கேற்ப மாறும் வரம்பு என நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நனிசைவம், சேர்த்த எண்ணெய், புலனாகாக் கொழுப்பு, அரிசி உணவுமுறை, ஏழு நாடுகள் ஆய்வு, இன்றியமையாக் கொழுப்பமிலங்கள்

முன்னுரை

உணவு வரலாற்றாய்வில் எண்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஓர் உணவுப் பரிந்துரை எண்ணாக வடிவெடுத்தவுடன், அது எந்தச் சூழலில், யாருக்காக, எந்நோக்கத்தோடு உருவாயிற்று என்பது மறைந்து, எங்கும் எவர்க்கும் பொருந்தும் உண்மை போல் வழங்கத் தொடங்குகிறது. நனிசைவத்தைச் சார்ந்து வழங்கும் '10 விழுக்காடு' இதற்குத் தக்க சான்று.

விலங்குப் பொருள் அனைத்தையும் விலக்கும் உணவுநெறியை நனிசைவம் என்கிறோம். பால், தயிர், நெய், முட்டை ஆகியவற்றோடு எண்ணெயையும் விலக்கினால்தான் அந்நெறி முழுமை பெறும் என்று ஒரு சாரார் கூறுவர். எண்ணெய் தாவரப் பொருளே ஆதலின் அதனை விலக்கக் காரணமில்லை என்று மறு சாரார் கூறுவர். இருதரப்பும் அறிவியலையே துணைக்கு அழைக்கின்றன. இதில் எத்தரப்பு வெல்லும் என்பதைவிட, இவ்வினா எங்கிருந்து எழுந்தது என்பதே இக்கட்டுரையின் முதன்மை ஆய்வுப் பொருள். தோற்றம் தெளிந்தால் விடையின் எல்லையும் தெளியும்.

சொல்லும் கணக்கும்

'எண்ணெய்' என்னும் சொல் எள், நெய் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. நெய் என்பது விலங்கின் கொழுப்புக்கும் வித்தின் கொழுப்புக்கும் பொதுவாக நின்ற காலத்தில், எள்ளின் நெய்யைப் பிரித்துக் காட்ட எழுந்த சொல் பின்னர் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. நனிசைவம் வலியுறுத்தும் வேறுபாடு, அதாவது கறந்த பாலின் நெய்க்கும் ஆட்டிய வித்தின் நெய்க்கும் இடையிலான வேறுபாடு, தமிழில் சொல்லளவிலேயே பதிந்துள்ளது.

இந்திய ஊட்டச்சத்தியலில் புலனாகும் கொழுப்பு, புலனாகாக் கொழுப்பு என்னும் பாகுபாடு நெடுங்காலமாக வழங்குகிறது. தாளிக்கவும் பொரிக்கவும் தனியே ஊற்றும் எண்ணெய் முதல் வகை. அரிசி, பருப்பு, நிலக்கடலை, தேங்காய் ஆகியவற்றுக்குள் பொதிந்திருப்பது இரண்டாம் வகை. 'சேர்த்த எண்ணெய்' என்பது முதல் வகையை மட்டும் குறிக்கும். 'கொழுப்பு' என்பது இரண்டையும் தழுவும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இவ்விவாதத்தின் பெருங்குழப்பம்.

நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு 10 விழுக்காடு என்பது 200 கிலோகலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருவதால் இது ஏறத்தாழ 22 கிராம் ஆகும். துளி எண்ணெயும் சேர்க்காத சோறு, பருப்பு, சுண்டல், காய்கறி ஆகியவற்றிலிருந்தே 10 கிராம் அளவுக்குக் கொழுப்பு கிடைத்துவிடும். அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது ஏறத்தாழ 14 கிராம் சேர்த்தால் வரம்பு கடந்துவிடும். ஆகவே 'எண்ணெய் வேண்டாம்' என்பது தனிக் கண்டுபிடிப்பன்று. 10 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டவுடன் கணக்கின்படி தானே பின்தொடரும் முடிவு. எனவே ஆராய வேண்டியது அந்த 10 விழுக்காட்டையே.

ஒரே ஆண்டில் இரு தோற்றங்கள்

1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர்தம் தோழர்களும் நனிசைவச் சங்கத்தைத் தொடங்கினர். மரவேலை ஆசிரியரான வாட்சன், பால் உண்ணும் சைவர்களிடமிருந்து தம்மைப் பிரித்துக்காட்டவே புதிய பெயரை நாடினார். அவர்தம் வாதம் அறம் சார்ந்தது: பாலுக்காகக் கறவை மாடுகளும் கன்றுகளும் படும் துன்பமே அதன் மையம்.

அக்காலம் போர்க்காலப் பங்கீட்டுக் காலம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பிரித்தானியாவில் வெண்ணெய் 1940 சனவரியிலும், மார்கரினும் சமையல் கொழுப்பும் அதே ஆண்டு சூலையிலும் பங்கீட்டுக்குள் வந்தன. பங்கீடு முற்றாக நீங்கியது 1954இல்தான். அன்றைய மார்கரினில் திமிங்கில எண்ணெயும் பாற்பொருளும் கலந்திருக்கக்கூடும். எனவே தொடக்க கால நனிசைவர் முன் நின்ற வினா 'கொழுப்பு எவ்வளவு?' என்பதன்று, 'கொழுப்பு எதிலிருந்து?' என்பதே. கொழுப்பு கிட்டாப் பொருளாக இருந்த ஒரு சமூகத்தில் அதனை மேலும் குறைக்கச் சொல்லும் தேவை எழவில்லை. நனிசைவத்தின் தோற்றத்தில் எண்ணெய் விலக்குக்கு இடமில்லை என்பது இதனால் பெறப்படும்.

அதே 1944ஆம் ஆண்டில், அட்லாண்டிக்கின் மறுகரையில், வால்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர் தம் 'அரிசி உணவுமுறை'யின் முடிவுகளை வெளியிட்டார். நாசி ஆட்சியிலிருந்து வெளியேறி 1934இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம் சேர்ந்த ஜெர்மானியர் இவர். கட்டுக்கடங்கா உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகச் சிதைவு ஆகியவற்றுக்கு அன்று பயனுள்ள மருந்துகள் இல்லை. கெம்ப்னர் 1939 முதல் அத்தகைய நோயாளிகளுக்கு வெள்ளை அரிசி, பழம், பழச்சாறு, சர்க்கரை ஆகியவற்றை மட்டும் அளித்தார். ஏறத்தாழ 2000 கிலோகலோரியில் புரதம் 20 கிராம் அளவே. கொழுப்பு 5 கிராம் அளவே. உப்பு மிகமிகக் குறைவு. கொழுப்பின் பங்கு 2 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது.

இம்முறையில் இரத்த அழுத்தம் தாழ்ந்தது. விழித்திரைச் சேதம் பலரிடம் குறைந்தது. ஆயினும் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. ஒன்று, உப்பு, புரதம், கொழுப்பு மூன்றும் ஒருங்கே குறைக்கப்பட்டமையால் பயன் எதனால் விளைந்தது என்று பிரித்தறிய இயலாது. மற்றொன்று, நோயாளிகள் சிறுநீர்ப் பரிசோதனை உள்ளிட்ட நெருங்கிய கண்காணிப்பில் இருந்தனர். கெம்ப்னருக்கு விலங்கு அறம் குறித்த நோக்கம் ஏதுமில்லை. நனிசைவமும் கொழுப்பு குறைந்த சிகிச்சை உணவும் ஒரே ஆண்டில், ஒன்றையொன்று அறியாமல், வெவ்வேறு நோக்கங்களோடு பொதுவெளிக்கு வந்தன.

மருத்துவத்திலிருந்து நனிசைவத்துக்கு

இவ்விரு நீரோட்டங்களும் இணைய நாற்பது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட பாலம் நாதன் பிரிட்டிகின். மருத்துவரல்லாத இவர் ஒரு பொறியியல் கண்டுபிடிப்பாளர். 1950களின் இறுதியில் தமக்கு இதயநோய் இருப்பதை அறிந்து, தம் உணவைத் தாமே மாற்றியமைத்தார். 1970களின் நடுவில் கலிபோர்னியாவில் இவர் தொடங்கிய நலமையமும், 1979இல் வெளிவந்த நூலும் '10 விழுக்காட்டுக்குக் கீழ்' என்னும் அளவைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றன. 1985இல் இவர் மறைந்தபின் நடந்த உடற்கூறாய்வில் இதயத் தமனிகளில் அடைப்பு ஏறக்குறைய இல்லை என்பது மருத்துவ இதழிலேயே வெளியாயிற்று. ஆயினும் பிரிட்டிகின் முறை நனிசைவமன்று. கொழுப்பு நீக்கிய பாலும் சிறிதளவு மீனும் இறைச்சியும் அதில் இடம்பெற்றன.

நனிசைவத்தையும் எண்ணெய் விலக்கையும் ஒரே விதியாகப் பிணைத்தவர்களுள் முதன்மையானவர் ஜான் மக்டூகல். 1970களில் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டத்தில் மருத்துவராகப் பணியாற்றிய இவர், ஆசியாவிலிருந்து குடியேறிய முதல் தலைமுறை முதியோர் சோறும் காய்கறியும் உண்டு நலமாக இருப்பதையும், அமெரிக்க உணவுக்கு மாறிய அவர்தம் மக்களும் பேரரும் நோயுறுவதையும் கண்டார். 1983இல் வெளிவந்த இவரது நூல், மாவுச்சத்தை அடிப்படையாகக் கொண்ட, விலங்குப் பொருளும் சேர்த்த எண்ணெயும் அற்ற உணவை எல்லோர்க்கும் பரிந்துரைத்தது. நோயாளிக்கான அளவு நலமுடையோர்க்கும் விதியானது இக்கட்டத்தில்தான்.

அடுத்து வந்தவர் டீன் ஆர்னிஷ். 1990இல் 'தி லான்செட்' இதழில் வெளியான இவரது ஆய்வு, கட்டுப்பாட்டுக் குழுவோடு நடத்தப்பட்டமையால் தனிமதிப்புடையது. ஓராண்டு முடிவில் ஆய்வுக் குழுவினரின் இதயத் தமனி அடைப்பு சராசரியாக 40.0 விழுக்காட்டிலிருந்து 37.8 ஆகக் குறைந்தது; கட்டுப்பாட்டுக் குழுவில் 42.7இலிருந்து 46.1 ஆக உயர்ந்தது. ஆனால் ஆய்வுக் குழுவினர் 10 விழுக்காட்டுக் கொழுப்புணவை மட்டும் மேற்கொள்ளவில்லை. புகையை விட்டனர், உடற்பயிற்சி செய்தனர், மன அழுத்தம் தணிக்கும் பயிற்சியும் பெற்றனர். முட்டை வெண்கருவும் நாளொன்றுக்கு ஒரு கோப்பைக் கொழுப்பு நீக்கிய பாலும் அனுமதிக்கப்பட்டன. இவ்வாய்வு நனிசைவத்துக்கோ எண்ணெய் விலக்குக்கோ தனித்த சான்றாகாது. ஒரு முழு வாழ்க்கைமுறைக்கான சான்று.

கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவராக இருந்த கால்டுவெல் எசல்ஸ்டின் 1985 முதல் இதயநோயாளிகளின் சிறு குழுவொன்றைத் தொடர்ந்து கவனித்தார். எண்ணெயை ஒரு துளியும் கூடாது என அழுத்தமாகச் சொன்னவர் இவரே. 2014இல் இவர் வெளியிட்ட அறிக்கையில் 198 நோயாளிகளுள் 177 பேர் முறையைக் கடைப்பிடித்தனர். அவர்களிடம் நோய் மீண்டும் தாக்கியது அரிது. கடைப்பிடிக்காத 21 பேரில் 13 பேர் பாதிப்புற்றனர். வியப்பூட்டும் எண்கள் இவை. எனினும் சமவாய்ப்பு முறையில் அமைந்த கட்டுப்பாட்டுக் குழு இதில் இல்லை. கடைப்பிடித்தோரும் விலகியோரும் தம்மைத்தாமே தெரிவு செய்துகொண்டவர்கள். முதற்குழுவினர்க்குக் கொலஸ்டிரால் குறைக்கும் மருந்தும் தரப்பட்டது. விலங்குப் பொருளும் எண்ணெயும் ஒருசேர விலக்கப்பட்டமையால், எண்ணெயின் தனிப்பங்கு எவ்வளவு என்பதை இதிலிருந்தும் அறிய இயலாது.

மறுபக்கச் சான்றுகள்

மிகு கொழுப்பும் இதயநலமும் ஒருங்கே அமையக்கூடும் என்பதற்கான பழஞ்சான்று ஆன்செல் கீஸ் தலைமையில் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு. 40 முதல் 59 வயது வரையிலான 12,763 ஆண்கள் இதில் இடம்பெற்றனர். கிரேக்கத்தின் கிரீட் தீவில் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பிலிருந்து வந்தது. பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். ஜப்பானிய ஊர்களில் அது 10 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இரு இடங்களிலும் இதயநோய் இறப்பு மிகக் குறைவு. கிழக்குப் பின்லாந்திலோ கிரீட்டை ஒத்த அளவே கொழுப்பு உண்டனர். அங்கு இறப்பு மிக அதிகம். வேறுபாடு நிறைவுற்ற கொழுப்பில் இருந்தது: கிரீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு, கிழக்குப் பின்லாந்தில் 22. மொத்த அளவைவிட வகையே முதன்மையானது என்னும் கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. கிரீட் மக்கள் நனிசைவர் அல்லர். மக்கள்தொகை ஒப்பீடு காரணத்தை நிறுவுவதும் அன்று. எனினும், 10 விழுக்காட்டைத் தாண்டினால் இதயம் கெடும் என்னும் பொதுவிதியை மறுக்க இது போதுமானது.

ஸ்பெயினில் 7447 பேரிடம் நடத்தப்பட்ட 'பிரெடிமெட்' ஆய்வு 2013இல் வெளியாயிற்று. பங்கேற்பாளரைக் குழுப்பிரித்ததில் கண்டறியப்பட்ட முறைகேடுகளால் அது திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தங்களுடன் மீண்டும் வெளியிடப்பட்டது. ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ மிகுதியாகப் பெற்ற குழுக்களில் இதய, மூளைத் தாக்குகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. எண்ணெய் ஆதரவாளர் இதனைப் பெரிதும் எடுத்துக்காட்டுவர். ஆனால் 'குறைகொழுப்பு' அறிவுரை பெற்ற ஒப்பீட்டுக் குழு உண்மையில் 37 விழுக்காடு கொழுப்பு உண்டது. எனவே இவ்வாய்வு ஆர்னிஷின் உணவோடு ஆலிவ் எண்ணெயை ஒப்பிடவே இல்லை.

எண்ணெய் மறுப்பாளர் எடுத்துக்காட்டும் சான்றுகளும் இத்தகைய சோதனைக்கு உரியன. ஆலிவ் எண்ணெய் இரத்தக் குழாய் விரிவை 31 விழுக்காடு குறைக்கும் என்பது 2000ஆம் ஆண்டு மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பத்துப் பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு. 50 கிராம் கொழுப்பை ரொட்டியோடு ஒரே வேளையில் உண்டபின் சில மணி நேரத்தில் எடுத்த அளவீடு அது. காய்கறிக் கலவையும் புளிக்காடியும் சேர்ந்தபோது அவ்விளைவு மட்டுப்பட்டது என்னும் பகுதி பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவதில்லை.

வினாவை நேரடியாகவே எதிர்கொண்ட ஆய்வு 2024இல்தான் வெளியாயிற்று. புளோரிடாப் பல்கலைக்கழகத்தினர் 40 பேரை முழுமைத் தாவர நனிசைவ உணவில் வைத்து, நான்கு வாரம் நாளொன்றுக்கு நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும், நான்கு வாரம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவும் மாற்றி அளித்தனர். இரு முறையிலும் எல்.டி.எல். கொலஸ்டிரால் தொடக்க நிலையைவிடக் குறைந்தது. எண்ணெய் குறைந்த முறையில் குறைவு கூடுதலாக இருந்தது. விலங்குப் பொருளை விலக்கி முழுத் தாவர உணவுக்கு மாறுவதே பெரும்பயன், எண்ணெயைக் குறைப்பது அதன்மேல் ஒரு கூடுதல் பயன் என இதனைப் பொருள்கொள்ளலாம். நான்கு வார அளவீடு நோயையோ இறப்பையோ பற்றிப் பேசாது என்பதையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.

கீழெல்லையின் வரலாறு

மேலெல்லை பற்றிய விவாதத்தில் கீழெல்லை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 1929இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர், கொழுப்பை முற்றாக நீக்கிய உணவில் எலிகள் தோல்நோயுற்று வளர்ச்சி குன்றியதைக் காட்டினர். இன்றியமையாக் கொழுப்பமிலம் என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. வளர்ந்த மனிதர் நிலை வேறு: பர்ரின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர் ஆறு மாதம் கொழுப்பு ஏறத்தாழ இல்லாத உணவை உண்டும் நோய்க்குறி தோன்றவில்லை என 1938இல் பதிவாயிற்று. குழந்தைகள் அவ்வாறல்லர். லினோலெயிக் அமிலம் குறைந்த பாலூட்டப்பட்ட கைக்குழந்தைகளிடம் தோல் வறட்சியும் வெடிப்பும் தோன்றியதை ஆரில்ட் ஹான்சன் குழுவினர் 1963இல் வெளியிட்டனர். ஒரே உணவு வளர்ந்தவருக்குத் தாங்கத்தக்கதாகவும் குழந்தைக்குக் கேடாகவும் அமையலாம் என்பதே இவ்விரு பதிவுகளின் கூட்டுப்பொருள்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2010இல் வெளியிட்ட வல்லுநர் அறிக்கை இதனையே எண்ணாக்கியது. வளர்ந்தோர்க்குக் குறைந்தது 15 விழுக்காடு. மகப்பேற்று வயதுப் பெண்களுக்கும் எடை குன்றியோர்க்கும் குறைந்தது 20 விழுக்காடு. முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 40 முதல் 60 விழுக்காடு. மேலெல்லையாக 30 விழுக்காட்டை உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் வழிமொழிந்தது. பிரித்தானியாவின் 'எபிக் ஆக்ஸ்போர்டு' ஆய்வில் நனிசைவர் உண்ட கொழுப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு எனப் பதிவாகியுள்ளது. நடைமுறை நனிசைவம் 10 விழுக்காட்டு நனிசைவமாக இருந்ததில்லை.

அளவோடு வகையும் இங்குக் கருதத்தக்கது. மீன் உண்ணாத நனிசைவருக்கு ஒமேகா-3 கொழுப்பமிலத்தின் முதன்மை வாயில் ஆல்பா லினோலெனிக் அமிலம். அது ஆளி விதை, வால்நட், கடுகு எண்ணெய், சோயா ஆகியவற்றில் உண்டு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் இல்லையெனலாம். எண்ணெயை முற்றாக விலக்குவோர் விதையையும் கொட்டையையும் சேர்த்து விலக்கினால் இவ்வாயில் அடைபடும்.

தமிழ்ச் சூழலில் இவ்விதி

அமெரிக்க நோயாளியின் உணவிலிருந்து நீக்கப்பட்டது வெண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் பொரித்த பண்டமும். அவ்விதி தமிழ்ச் சமையலுக்குள் வரும்போது பொருள் மாறுகிறது. துருவிய தேங்காயும் தேங்காய்ப்பாலும் 'எண்ணெய்' அல்ல. ஆனால் தேங்காய்ப் பருப்பில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் கொழுப்பு உண்டு, அதில் பெரும்பகுதி நிறைவுற்றது. எள்ளிலும் நிலக்கடலையிலும் ஏறத்தாழ பாதி கொழுப்பு. எண்ணெயின்றித் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெயில் தாளித்த குழம்பைவிட மிகுந்த கொழுப்புடையதாக அமையலாம். 'எண்ணெயில்லா உணவு' என்பது 'கொழுப்பு குறைந்த உணவு' ஆகிவிடாது.

மறுதலையாக, தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே எண்ணெய் நலந்தருவதும் அன்று. 1930களில் இந்தியச் சந்தைக்கு வந்த வனஸ்பதி அறத்தின் நோக்கில் நனிசைவமே. ஆயினும் அதிலிருந்த மாறுபக்கக் கொழுப்பமிலங்களை 2022 முதல் 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. அறத்தின் அளவுகோலும் நலத்தின் அளவுகோலும் வெவ்வேறு என்பதற்கு நம் அடுக்களை அறிந்த சான்று இது.

முடிவுரை

10 விழுக்காடு என்னும் எண் தன் பயணத்தில் மூன்று பெயர்ச்சிகளைக் கண்டது. நோயாளியிடமிருந்து நலமுடையோரிடம் பெயர்ந்தது. பல கூறுகள் கொண்ட சிகிச்சைமுறையிலிருந்து ஒற்றைக் கூறாகப் பிரிந்தது. கொழுப்பின் அளவு என்பதிலிருந்து எண்ணெய் விலக்கு என்பதாகச் சுருங்கியது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் எண் நிலைத்தது. அதன் நிபந்தனைகள் உதிர்ந்தன.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் விடை ஒற்றை எண்ணாக அமையாது. தமனி அடைப்புற்றவர் மருத்துவக் கண்காணிப்பில் 10 விழுக்காட்டு உணவை மேற்கொள்வதற்கு ஆர்னிஷ் முதலானோரின் ஆய்வுகள் ஓரளவு ஆதரவு தருகின்றன. நலமுடைய நனிசைவர்க்கு 15 முதல் 30 விழுக்காடு வரையிலான பரப்பு உண்டு. அதனை முழு விதைகளாலும் கொட்டைகளாலும் நிரப்பி, ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெய் சேர்ப்பதை மறுக்கச் சான்றில்லை. தாராளமாக ஊற்றுவதை ஊக்குவிக்கவும் சான்றில்லை. கைக்குழந்தை, கருவுற்ற பெண், உடல் மெலிந்தவர் ஆகியோர்மேல் இதயநோயாளியின் விதியைச் சுமத்துவதற்கு எச்சான்றும் இல்லை. வாட்சன் எழுப்பிய வினா எதை உண்ணலாம் என்பது. கெம்ப்னர் எழுப்பியது எந்நோயாளிக்கு எவ்வளவு என்பது. முன்னதன் விடையை மனச்சான்றும் பின்னதன் விடையை உடல்நிலையும் தீர்மானிக்கும். ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு விதியாக்குவதை உணவு வரலாற்றாய்வாளர் ஏற்க இயலாது.